கட்டுமலை: ஒரு டெல்டாக்காரனின் மலை ஓட்டம்

எங்கள் பக்கத்தில் மேடு என்றால் ஆற்றங்கரைதான். அதை விட்டால் வயல் வரப்பு. கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்கு இங்கிருந்து சாலை வழியே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இறக்கம் கிடையாது. காவிரியே எங்கள் ஊரில் ஓடுவதில்லை, நடந்துதான் போகிறது.

இந்தத் தரையில் பிறந்து வளர்ந்து, நாற்பது வயதுக்கு மேல் ஓட ஆரம்பித்தவன் நான். 2025 ஜூனில் தென்னாப்பிரிக்காவில் காம்ரேட்ஸ் மாரத்தான் ஓடி முடித்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து ஒரே கேள்வி. "மலையே இல்லாத ஊர்ல இருந்துக்கிட்டு மலைப் பந்தயத்துக்கு எப்படித் தயாரானீங்க?" தஞ்சாவூர், நாகப்பட்டினம், சென்னை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, முழுதாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் பந்தயத்தைப் பற்றி

டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் குவாசூலு-நாட்டால் மாகாணத்து நகரங்கள். ஒன்று கடற்கரையில், மற்றது 600 மீட்டருக்கு மேல் உயரத்தில். முதல் உலகப் போரில் இறந்துபோன தோழர்களின் நினைவாக விக் கிளாஃபம் என்ற முன்னாள் படைவீரர் 1921-ல் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே காம்ரேட்ஸ் ஓட்டத்தைத் தொடங்கினார். அந்த வருடம் 34 பேர் புறப்பட்டு 16 பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இன்று இருபதாயிரம் பேருக்கு மேல் பதிவு செய்கிறார்கள். பெரும்பாலும் ஒரு வருடம் டர்பனிலிருந்து மேலே, அடுத்த வருடம் அங்கிருந்து கீழே. மேலே போவதை 'அப் ரன்' என்றும் கீழே வருவதை 'டவுன் ரன்' என்றும் சொல்வார்கள். நான் ஓடியது டவுன் ரன், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர்.

கால வரம்பு 12 மணி நேரம். 90 கிலோமீட்டரை அதற்குள் முடிக்க கிலோமீட்டருக்கு 8 நிமிடம். சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை எல்லாம் அதற்குள்தான். 12 மணி நேரம் முடிகிற கணத்தில் அதிகாரி ஒருவர் முடிவுக் கோட்டருகே ஓடி வருபவர்களுக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். ஒரு அடி பின்னால் இருந்தாலும் பதக்கம் இல்லை.

வழியில் ஐந்து பெரிய குன்றுகள்: பாலி ஷார்ட்ஸ், இன்சாங்கா, போத்தாஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், கௌவீஸ் ஹில். டவுன் ரன் என்று பெயர் இருந்தாலும் ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற வேண்டும். இறங்குவது ஏறத்தாழ 1,800 மீட்டர்.

"இறங்குறதுதானே, உருண்டே போயிடலாம்" என்றார்கள் நண்பர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போவதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மலை இல்லாத ஊரில் நமக்குக் குறைவது ஏற்றம் அல்ல, இறக்கம்.

கொல்லிமலை சொல்லிக்கொடுத்தது

பந்தயத்துக்கு ஆறு மாதம் முன்னால், டிசம்பரில், இரண்டு நண்பர்களோடு கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது நிதானமாக ஓட்டமும் நடையுமாக ஏறினோம். மூச்சு வாங்கியது, ஆனால் உடம்பு ஒத்துழைத்தது. மேலே டீ குடித்துவிட்டு இறங்க ஆரம்பித்தோம். அடடா, அந்தச் சுகம்! கால் தானாகப் போகிறது, மூச்சு வாங்கவே இல்லை, காற்று காதில் அடிக்கிறது. நாற்பதாவது வளைவு வரை ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு முன்தொடை நடுங்க ஆரம்பித்தது. அடிவாரத்துக்கு வந்தபோது நின்றால் முழங்கால் தானாக மடங்கியது.

மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

எனக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் காரணத்தை எளிமையாக விளக்கினார். கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளச் சொன்னார். வாளியை மேலே இழுக்கும்போது கை மடங்கித் தசை சுருங்குகிறது. நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்லக் கீழே விடும்போதும் தசை வேலை செய்கிறது, ஆனால் நீண்டுகொண்டே பிடித்து நிறுத்துகிறது. இறக்கத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைக்கு இந்த இரண்டாவது வேலைதான். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை குறைவு என்பதால் சுலபமாகத் தோன்றும். ஆனால் தசை நாரில் நுண்ணிய கிழிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். வலி ஒன்றிலிருந்து மூன்று நாளைக்குள் உச்சத்துக்கு வரும்.

அதோடு ஒரு நல்ல செய்தியும் சொன்னார். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, ஆறும்போது அடுத்த முறைக்குத் தயாராகிவிடுகிறது. அந்தக் காப்பு சில வாரங்கள் நிற்கும். எனவே தினமும் மலை வேண்டியதில்லை. நாலு வாரத்துக்கு ஒருமுறை நல்ல இறக்கம் கிடைத்தால் போதும், நடுவில் ஊரிலேயே தசையை விழிப்பாக வைத்திருக்கலாம்.

எனக்கு அதுதான் திறப்பு.

சுவாமிமலையில் தோன்றியது

ஒரு கிருத்திகை அன்று சுவாமிமலைக்குப் போயிருந்தேன். அறுபது தமிழ் வருடங்களுக்கு அறுபது படி. சின்ன வயதிலிருந்து ஏறுகிற படிதான். அன்றைக்கு நாற்பதாவது படியில் நின்றபோது தோன்றியது: இது மலையே இல்லையே. சுற்றிலும் வாழையும் நெல்லும் விளைகிற வண்டல் மண். இங்கே மலைக்கு எங்கே போவது? முருகனுக்கு மலை வேண்டும் என்றதும் நம் ஆட்கள் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து மலையைக் கட்டிவிட்டார்கள். அதற்குப் பெயரே கட்டுமலை. சீர்காழியில் தோணியப்பர் இருப்பதும் கட்டுமலைமேல்தான்.

மலை இல்லை என்று அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. நானும் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றே முடிவு செய்தேன். சந்நிதிப் படியில் ஓடுவது சரியில்லை, அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. எடுத்துக்கொண்டது யோசனையை மட்டும்தான்.

முப்பது புளியங்கொட்டை

எங்கள் புறவழிச்சாலையில் ரயில்வே மேம்பாலம் ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து உச்சிக்குச் சுமார் 7 மீட்டர் உயரம். ஏற்றம் 300 மீட்டர் நீளம், இறக்கம் 300 மீட்டர். செவ்வாய்க்கிழமை தோறும் காலை நாலு மணிக்கு அங்கே போய்விடுவேன். ஒளிரும் பட்டை போட்ட சட்டை, தலையில் விளக்கு, வண்டி வரும் திசையைப் பார்த்து ஓரமாக ஓட்டம். இதில் சமரசமே கூடாது.

ஏறி இறங்கினால் ஒரு சுற்று, 600 மீட்டர். பத்தில் ஆரம்பித்து வாரம் இரண்டு மூன்றாகக் கூட்டி முப்பதுக்குக் கொண்டுபோனேன். பத்தாவது சுற்றுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் முப்பது புளியங்கொட்டையை இடது பையில் போட்டுக்கொண்டு, உச்சியைத் தொடும்போதெல்லாம் ஒன்றை வலது பைக்கு மாற்றுவேன். விரலில் அந்த வழவழப்புப் படும்போது ஒரு தைரியம் வரும். இடது பை காலியானால் வீட்டுக்குப் போகலாம்.

பாலத்தடியில் பூக்கடை போடுகிற அக்கா விடியற்காலையிலேயே வந்து பூ மூட்டையைப் பிரித்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏன் தம்பி, ஒரே பாலத்தை எத்தனை தடவைதான் ஏறுவீங்க?"

"முப்பது தடவை அக்கா. ஒரு மலைக்கு ஓடப் போறேன்."

"மலை எங்க இருக்கு?"

"தென்னாப்பிரிக்காவுல."

கொஞ்ச நேரம் பாலத்தையே பார்த்தார். "அப்ப இங்கேருந்தே ஏறிக்கிட்டுப் போங்க" என்றார். அன்றிலிருந்து நான் கிளம்பும்போது ஒரு சொம்பு தண்ணீர் எனக்காக எடுத்து வைத்திருப்பார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முப்பது சுற்று என்றால் 18 கிலோமீட்டர், 210 மீட்டர் ஏற்றம். பந்தயத்தில் 90 கிலோமீட்டருக்கு 1,200 மீட்டர், அதாவது 18 கிலோமீட்டருக்கு 240. ஒரு சாதாரண ரயில்வே மேம்பாலம் அந்த விகிதத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது! ஏற்றத்துக்கு நாம் பஞ்சப்பட வேண்டியதே இல்லை. ஜிம்மில் டிரெட்மில் இருந்தால் இன்னும் சுலபம். 12 சதவீதச் சாய்வில் மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 700 மீட்டருக்கு மேல் ஏறிவிடலாம்.

பாலம் தராத ஒன்று, தொடர்ச்சி. 300 மீட்டர் இறங்கியதும் தரை வந்துவிடும், தொடை ஓய்வெடுத்துக்கொள்ளும். ஃபீல்ட்ஸ் ஹில் அப்படி விடாது. மூன்று கிலோமீட்டர், சுமார் 200 மீட்டர் ஒரே இறக்கம். அதுவும் 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய காலோடு. அந்த இடைவெளியை வேறு வழியில் நிரப்ப வேண்டியிருந்தது.

படி, தோப்புக்கரணம், மணல்

வியாழக்கிழமை மாடிப்படி. எங்கள் அலுவலகக் கட்டடத்தில் தரையிலிருந்து மொட்டைமாடிக்குச் சுமார் 12 மீட்டர். ஏறும்போது இரண்டிரண்டு படியாக நடை, இறங்கும்போது ஒவ்வொரு படியாக, சத்தமே வராமல். இந்தச் சத்தம்தான் எனக்கு வாத்தியார். பாதம் 'தொப்' என்று விழுந்தால் எலும்பும் மூட்டும் அடியை வாங்குகின்றன என்று அர்த்தம். சத்தமில்லாமல் இறங்கினால் தசை வாங்குகிறது. இருபது முறையில் 240 மீட்டர் ஏற்றம், அதே அளவு இறக்கம்.

அடுத்தது தோப்புக்கரணம். எல்லோரும் எழுவதைத்தான் எண்ணுவோம். நான் உட்காருவதை எண்ணினேன். மூன்று வரை எண்ணியபடி மெல்ல உட்கார்ந்து, சட்டென்று எழ வேண்டும். பதினைந்து பதினைந்தாக நாலு முறை. பிறகு ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று, மறுகாலின் குதிகால் கீழே தரையைத் தொடும்வரை மெல்ல இறக்குவது. நிற்கிற காலின் முழங்கால் உள்பக்கம் சாயக் கூடாது. கண்ணாடி முன்னால் செய்தால் தெரிந்துவிடும். கெண்டைக்காலுக்கும் இதே கதைதான்: படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று, எழும்பி, குதிகாலை மெதுவாகக் கீழே விட வேண்டும்.

ஞாயிறு ஆற்று மணல். வழக்கப்படி மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறக்கும். நடுவில் உள்ள மாதங்கள் அப்படியே என் பயிற்சிக் காலம். காய்ந்த காவிரியின் மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். ஒவ்வொரு அடியும் புதைந்து எழ வேண்டும் என்பதால் கணுக்காலும் கெண்டைக்காலும் ஏற்றத்துக்கு வேண்டிய உரம் பெறுகின்றன. மூட்டுக்கு அதிர்ச்சியும் குறைவு. முதலில் இருபது நிமிடம் போதும். அவசரப்பட்டால் குதிகாலுக்கு மேல் இருக்கிற தசைநாண் கோபித்துக்கொள்ளும்.

சனிக்கிழமை நீள ஓட்டம். 25-ல் தொடங்கி 56 கிலோமீட்டர் வரை போனேன். தரை மட்டமாக இருந்தாலும் மலையை நினைத்தே ஓடினேன். ஏழு மின்கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பந்தயத்தில் ஏற்றம் வந்தால் நடக்கத்தான் போகிறோம். களைப்பதற்கு முன்னாலேயே நடக்கவும், நடந்தபின் தயங்காமல் ஓடவும் காலுக்குப் பழக்க வேண்டும். உப்பும் தண்ணீரும் சாப்பாடும் இந்த ஓட்டங்களிலேயே பழகிக்கொண்டேன். டெல்டாவின் சித்திரை வெயிலில் பழகியவருக்கு அந்த ஊர்க் குளிர்கால வெயில் பெரிதில்லை.

மீண்டும் கொல்லிமலை

நாலு வாரத்துக்கு ஒருமுறை கொல்லிமலை. இந்த முறை ஏறுவதற்குப் போகவில்லை, இறங்குவதற்குப் போனேன். மேலே வண்டியில் போய், கீழே ஓட்டம். முதல் தடவை பாதி வளைவுகள் மட்டும், பிறகு முழுதாக.

இறங்குவதில் நான் கற்றுக்கொண்டவை இவை. அடி சின்னதாக, வேகமாக விழ வேண்டும். குதிகாலை முன்னால் நீட்டி ஊன்றினால் ஒவ்வொரு அடியும் பிரேக் ஆகிவிடும், பாதம் உடம்புக்கு நேர் கீழே விழ வேண்டும். பயத்தில் உடம்பு பின்னால் சாயும், சாய விடாதீர்கள். கண் காலடியில் அல்ல, பத்து மீட்டர் முன்னால். கை கொஞ்சம் அகலமாக, தோள் தளர்வாக. ஷூ கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள், விரல் முன்னால் போய் இடிக்காது. நகத்தை மூன்று நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

பிப்ரவரியில் இறங்கியபோது மூன்று நாள் வலி. மார்ச்சில் இரண்டு நாள். ஏப்ரலில் லேசான பிடிப்பு. மே நடுவில், பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால், எழுபது வளைவையும் இறங்கிவிட்டு மறுநாள் காலை மாடிப்படியில் நேராக, கைப்பிடி தொடாமல் இறங்கினேன். அந்தப் படியில் நின்று அழுகை வந்துவிட்டது. தசை கற்றுக்கொள்ளும் என்று எத்தனை பேர் சொன்னாலும், நம் உடம்பே அதைச் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு கடும் இறக்கம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்தேன்.

அந்த நாள்

முந்தின நாள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சிவ சுப்ரமணியர், மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1860-ல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் நவம்பர் 16 அன்று டர்பன் வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் முதல் கப்பல் அது. அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கொண்டுவந்த சாமிகள் அங்கே இன்றும் இருக்கின்றன. கட்டுமலையில் பார்த்த முருகனின் அதே வேலாயுதத்தைக் கடல் கடந்து பார்த்தபோது, ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

விடியுமுன் இருட்டில், குளிரில், ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து 'ஷோஷோலோசா' பாடுகிறார்கள். பிறகு சேவல் கூவும் ஒலி, அதன்பின் வெடி. பாலி ஷார்ட்ஸ் இறக்கம் சீக்கிரமே வந்துவிடும். எல்லோரும் பாய்ந்தார்கள், நான் பிடித்துக்கொண்டேன். இன்சாங்கா ஏற்றத்தில் கம்பக் கணக்கில் நடை. பாதித் தூரமான டிரம்மண்டைத் தாண்டியதும் 'ஆர்தர்ஸ் சீட்' என்று பாறையில் ஒரு மாடம். 1920-களில் ஐந்து முறை வென்ற ஆர்தர் நியூட்டன் இளைப்பாறிய இடம் என்கிறார்கள். அவருக்கு ஒரு பூ வைத்து வணக்கம் சொன்னால் மீதிப் பாதி நன்றாகப் போகும் என்பது வழக்கம். சாலையோரம் கிடைத்த காட்டுப்பூ ஒன்றை வைத்தேன். பூக்கார அக்கா ஞாபகம் வந்தது.

பிறகு ஃபீல்ட்ஸ் ஹில். சுற்றிலும் பலர் நடந்துகொண்டிருந்தார்கள், சிலர் பக்கவாட்டில் திரும்பி இறங்கினார்கள். டிசம்பரில் என் தொடை பட்ட பாடு அவர்கள் முகத்தில் தெரிந்தது. நான் அடியைச் சின்னதாக்கினேன். காது பாதத்தில். சத்தம் இல்லை. வலி இருந்தது, ஆனால் கால் நின்றது, முழங்கால் மடங்கவில்லை. மூன்று கிலோமீட்டரையும் ஓடியே இறங்கினேன். 11 மணி 24 நிமிடத்தில் கோட்டைத் தாண்டினேன். 11 மணி நேரத்துக்கும் 12 மணி நேரத்துக்கும் நடுவில் முடிப்பவர்களுக்குத் தருவது விக் கிளாஃபம் பெயரிலான பதக்கம்.

ஊர் திரும்பியபின்

நான் திரும்பி வந்த வாரம் மேட்டூர் திறந்தார்கள். சில நாளில் தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்தது. நான் ஓடிய மணல் முழுதும் உள்ளே போய்விட்டது. அடுத்த பிப்ரவரிக்கு அது மறுபடி எழும்பும்.

செவ்வாய்க்கிழமை பாலத்துக்குப் போனேன், ஓட அல்ல, பதக்கத்தைக் காட்ட. அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார்.

"மலை எப்படி இருந்துச்சு தம்பி?"

"நம்ம பாலம் மாதிரிதான் அக்கா. முப்பது பாலத்தை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வெச்ச மாதிரி."

"முப்பதுதானே" என்றார். "அது நீங்க எண்ணி வெச்சதுதானே."

இதைப் படிக்கிற நாகப்பட்டினத்துக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் ஊரிலும் ஒரு மேம்பாலம் இருக்கும், ஒரு மாடிப்படி இருக்கும். செவ்வாய்க்கிழமை காலை நாலு மணிக்குப் பத்துப் புளியங்கொட்டையோடு போய் நில்லுங்கள். ஏறுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சத்தமில்லாமல் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்.